கோர்தியேரா பிளாங்கா: பனியாற்று ஆய்வும் மலைமக்களும்

பெரு நாட்டின் அங்காஷ் பகுதியில், ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே உள்ளது கோர்தியேரா பிளாங்கா. ‘வெள்ளை மலைத்தொடர்’ என்று பொருள். வெப்பமண்டலத்தில் இவ்வளவு பனி மூடிய மலைத்தொடர் வேறில்லை. 1960களில் 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த பனிப்பரப்பு, 2016 கணக்கின்படி 450க்குச் சுருங்கிவிட்டது.

இங்கே அரசின் கண்காணிப்பு தொடங்கியது அறிவியல் ஆர்வத்தால் அல்ல, சாவுகளால். 1941 டிசம்பர் 13 அன்று பால்ககோச்சா ஏரி கரையுடைந்து வாராஸ் நகரின் மூன்றில் ஒரு பங்கை அழித்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பனி உருகித் தேங்கும் இத்தகைய ஏரிகளைக் கண்காணிக்க 1951இல் அரசு தனிக்குழு அமைத்தது.

கள வேலை எளிய கருவிகளால் நடப்பது. பனியில் ஆழத் துளையிட்டுக் கம்பு நடுவார்கள். அடுத்த முறை வரும்போது அது கூடுதலாக எத்தனை சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அத்தனை சாண் பனி போய்விட்டது. கருவிகளைப் பனியின் அடிவாரம்வரை கழுதைகளில் ஏற்றிச் செல்பவர்கள் ‘அரியேரோ’ எனப்படும் உள்ளூர்க்காரர்கள். மேய்ச்சல் நிலமும் வாய்க்காலும் கெச்சுவா பேசும் உழவர்களுடையவை. அவர்கள் இசைவில்லாமல் ஒரு கம்பும் நிலைக்காது. 2008இல் பரோன் ஏரியிலிருந்து மின் உற்பத்திக்காக நீர் திறந்துவிடப்படுவதை எதிர்த்து, விவசாயிகள் மதகையே தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர்.

513ஆம் எண் ஏரியின் கதை இதைவிட ஆழமானது. 2010 ஏப்ரலில் வால்கான் சிகரத்திலிருந்து பனியும் பாறையும் அந்த ஏரியில் சரிந்து விழ, எழுந்த வெள்ளம் கார்வாஸ் நகர்வரை இறங்கியது. 1990களில் சுரங்கவழி தோண்டி நீர்மட்டத்தைச் சுமார் 20 மீட்டர் தாழ்த்தியிருந்ததால்தான் பெருஞ்சேதம் தவிர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து உதவியுடன் அங்கே முன்னெச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது: நில அதிர்வுணரிகள், கேமராக்கள், வானிலைக் கருவிகள்.

2016இல் மழை பொய்த்தது, பயிர் வாடியது. மேகங்களை விரட்டுவது அந்தக் கருவிகள்தான் என்ற பேச்சு பரவியது. நவம்பரில் உழவர்கள் மேலேறிச் சென்று நிலையத்தைப் பிடுங்கி எறிந்தனர். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது அநியாயம். மலையையும் ஏரியையும் உயிருள்ளவையாக மதிப்பவர்கள் அவர்கள். வெளியாரின் சுரங்கத்தையும் அணையையும் கண்டு சலித்தவர்கள். நிலையம் வெள்ளத்தைப் பற்றியே எச்சரித்தது. அந்த ஆண்டு அவர்கள் வயலுக்குத் தேவைப்பட்டது மழை.