காவலர் வகுப்பில் வழக்கறிஞர்: அமெரிக்காவில் ஒரு பணி உருவான வரலாறு

1997ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், மருத்துவமனையில் மகனுக்குத் துணையாக இருந்த ஒரு தாயை அதிகாலை 3 மணிக்கு எழுப்பிக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டப்படி சொல்ல வேண்டிய எதையும் சொல்லவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் கேள்விகள் நடந்தன. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிறகு 20 நிமிட இடைவேளை. ஒரு காபி, ஒரு சிகரெட். அதன்பின் விசாரணை அதிகாரி ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டு, உரிமைகளை வாசித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, முன்பு சொன்னதையே திரும்பச் சொல்ல வைத்தார். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னபோது அந்த அதிகாரி எதையும் மறைக்கவில்லை. வேண்டுமென்றேதான் முதலில் உரிமைகளைச் சொல்லாமல் விட்டேன், பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்த முறை அது என்றார்.

அந்தப் பதிலிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது. சட்டத்தை இப்படிச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று ஒரு காவலருக்குத் தானாகத் தோன்றாது. தீர்ப்புகளை வரிவரியாகப் படித்த ஒருவர்தான் அதைச் சொல்லித்தர முடியும். காவலர்க்குச் சட்டம் கற்பிக்கும் வழக்கறிஞர் என்ற பணி அமெரிக்காவில் எப்படி உருவாயிற்று, அவர் வகுப்பில் சொல்வது காலத்துக்குக் காலம் ஏன் மாறியது என்பதை இங்கே பின்தொடர்கிறேன். மீறினால் காவல் துறைக்கு என்ன இழப்பு என்று நீதிமன்றம் வைத்ததோ, அதைப் பொறுத்துத்தான் பாடமும் அமைந்தது என்பதே இந்த வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு.

பாடம் தேவைப்படாத காலம்

காவலர்க்குப் படிப்பு வேண்டும் என்ற எண்ணம் பழையதுதான். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் காவல் துறைத் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர் 1908இலேயே தம் ஆட்களுக்கு ஒரு பள்ளி நடத்தினார். பின்னர் அங்கிருந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் அலெக்சாண்டர் கிட் என்பவரோடு சேர்ந்து கோடைக்கால வகுப்புகளையும் தொடங்கினார். ஆனால் அது விதிவிலக்கு. 1931இல் விக்கர்ஷாம் ஆணையத்துக்காக ஜெகரையா சேஃபி உள்ளிட்ட மூன்று வழக்கறிஞர்கள் எழுதிய அறிக்கை, அடித்தும் தூங்கவிடாமல் வதைத்தும் வாக்குமூலம் வாங்குவது நாடெங்கும் பரவலாக இருந்ததைப் பதிவு செய்தது. காவலரைப் பற்றி வழக்கறிஞர்கள் எழுதினார்கள். காவலருக்கு எதிரில் நின்று பாடம் எடுக்க அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

காரணம் வெளிப்படையானது. சட்டவிரோதமாகக் கைப்பற்றிய சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1914இலேயே வீக்ஸ் வழக்கில் சொல்லியிருந்தது. ஆனால் அது கூட்டாட்சி நீதிமன்றங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. 1949இல் வுல்ஃப் வழக்கில், மாநிலங்கள் இதைப் பின்பற்ற வேண்டியதில்லை என்று அதே நீதிமன்றம் விட்டுவிட்டது. நியூயார்க் மாநிலம் 1926 முதலே இந்த விதியை மறுத்து வந்தது. கதவை உடைத்து எடுத்துவந்தாலும் சாட்சியம் செல்லும் என்றால், கதவைத் தட்டுவது எப்படி என்று ஒரு காவலர் ஏன் படிக்க வேண்டும்?

இன்னொரு விதிவிலக்கு, கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை. அதன் தலைவர் ஜே. எட்கர் ஹூவர் சட்டம் படித்தவர். முகவர் பணிக்குச் சட்டம் அல்லது கணக்கியல் படித்தவர்களையே விரும்பித் தேடினார். 1935இல் அவர் தொடங்கிய தேசியப் பயிற்சிக் கூடத்துக்கு உள்ளூர்க் காவல் அதிகாரிகளும் வந்தார்கள். பின்னாளில் இந்த முன்மாதிரிதான் நீதிமன்றத்துக்குப் பெரிய வாதமாகக் கைகொடுத்தது.

டால்ரீ மேப் பறித்த காகிதம்

1957 மே 23. ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்தில் டால்ரீ மேப் என்ற பெண்ணின் வீட்டு வாசலில் காவலர்கள். குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்படும் ஒருவர் உள்ளே இருப்பதாகத் தகவல். மேப் தம் வழக்கறிஞரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, சோதனை ஆணை இல்லாமல் விடமாட்டேன் என்றார். சில மணி நேரம் கழித்து அதிக ஆட்களோடு வந்து கதவை உடைத்தார்கள். ஓடி வந்த வழக்கறிஞரை உள்ளே விடவில்லை. ஆணை எங்கே என்று மேப் கேட்டபோது ஒருவர் ஒரு காகிதத்தை உயர்த்திக் காட்டினார். மேப் அதைப் பறித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். கையை முறுக்கி அதைத் திரும்பப் பிடுங்கி, அவருக்கு விலங்கு மாட்டினார்கள். அந்தக் காகிதம் வழக்கு விசாரணையில் ஒருபோதும் வரவில்லை. கீழ்த்தளத்துப் பெட்டி ஒன்றில் கிடைத்த ஆபாசப் புத்தகங்களுக்காக மேப் தண்டிக்கப்பட்டார்.

1961 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சாட்சிய விலக்கு விதி இனி எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும். இந்தத் தீர்ப்பு காவல் துறைக்குள் உண்டாக்கிய அதிர்ச்சியை நியூயார்க் காவல் ஆணையர் மைக்கேல் மர்ஃபி பின்னர் எழுதியிருக்கிறார். உயர் அதிகாரிகள் முதல் ரோந்து சுற்றும் ஆயிரக்கணக்கான கடைநிலைக் காவலர் வரை எல்லோருக்கும் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியிருந்ததாம். அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் 1791 முதல் நடைமுறையில் இருந்தது. அது காவலர் பாடத்திட்டத்துக்குள் நுழைய 170 ஆண்டுகள் ஆயின. இடையில் மாறியது அறமல்ல. வழக்கு தோற்றுப்போகும் என்ற பயம்.

அந்தப் பாடத்தை எடுக்க ஆள் வேண்டுமே! 1964இல் ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியோடு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி, காவல் துறைச் சட்ட ஆலோசகர்களை உருவாக்கும் பட்டமேற்படிப்பைத் தொடங்கியது. ஜனாதிபதி ஆணையம் 1967இல் வெளியிட்ட குற்றம் பற்றிய அறிக்கை, நடுத்தர, பெரிய காவல் துறைகள் ஒவ்வொன்றும் முழுநேர வழக்கறிஞர் ஒருவரை ஆலோசகராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் கூட்டாட்சிப் பணத்தை மாநிலங்களுக்குத் திறந்துவிட்டது. நகராட்சி வழக்கறிஞர் வேறு, குற்ற வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர் வேறு. இந்த ஆலோசகர் காவல் நிலையத்துக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்தவர். நள்ளிரவில் சோதனை ஆணை மனு எழுத உதவுவார். காலையில் பணி தொடங்கும் வருகைப் பதிவின்போது பத்து நிமிடம் புதுத் தீர்ப்பைச் சொல்லித்தருவார்.

இன்பாவ் என்ற இரட்டை உருவம்

நார்த்வெஸ்டர்ன் திட்டத்தின் பின்னால் இருந்தவர் பேராசிரியர் ஃப்ரெட் இன்பாவ். இந்தப் பணியின் உள்முரண் முழுவதும் இவர் ஒருவரிடம் அடங்கியிருக்கிறது. சிகாகோவில் அறிவியல் முறைக் குற்றப் புலனாய்வு ஆய்வகத்தில் வளர்ந்தவர். அடி உதையை வெறுத்தவர். அதற்கு மாற்றாக மனத்தை வளைக்கும் விசாரணை உத்திகளை வகுத்து, ஜான் ரீடோடு சேர்ந்து 1962இல் வாக்குமூலம் பெறுவது பற்றிய கையேட்டை வெளியிட்டார். சந்தேக நபரைத் தனியறையில் வைப்பது, அவர் குற்றவாளிதான் என்ற உறுதியோடு பேசுவது, குற்றத்தின் கனத்தைக் குறைத்துக் காட்டி ஒப்புக்கொள்ளத் தூண்டுவது எல்லாம் அதில் உண்டு.

காவலில் இருப்பவரிடம் கேள்வி கேட்கும் முன் அவர் உரிமைகளைச் சொல்ல வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பை 1966 ஜூன் 13 அன்று எழுதிய தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், காவல் நிலைய மூடிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று காட்ட அந்தக் கையேட்டைத்தான் பக்கம் பக்கமாக எடுத்தாண்டார். ஒரு வழக்கறிஞர் காவலர்க்கு எழுதிய பாடநூலே, காவலருக்கு எதிரான சாட்சியமாயிற்று. எர்னெஸ்டோ மிராண்டாவிடம் ஃபீனிக்ஸ் நகரக் காவலர் இரண்டு மணி நேரத்தில் வாங்கிய வாக்குமூலப் படிவத்தில், என் சட்ட உரிமைகளை முழுதும் அறிந்தே சொல்கிறேன் என்ற வாசகம் முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்த உரிமைகளை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உரிமைகளைச் சொன்னால் புலனாய்வே முடங்கிவிடும் என்ற வாதத்துக்கு, கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை பல ஆண்டுகளாகச் சொல்லித்தானே வருகிறது என்று வாரன் பதில் வைத்தார். அதே ஆண்டு இன்பாவ், இத்தகைய தீர்ப்புகளை எதிர்க்க ஓர் அமைப்பையும் நிறுவினார். காவலர்க்குச் சட்டம் தெரிய வேண்டும் என்று உண்மையாகவே நம்பியவர், சட்டம் அவ்வளவு தூரம் போகக்கூடாது என்றும் அதே அளவு நம்பினார். அவரைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்குப் பின் வந்த பயிற்றுநர்கள் பலரும் இந்த இரு நம்பிக்கைகளோடுதான் வகுப்புக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

மிராண்டா தீர்ப்பு நீளமானது; தெருவில் நிற்கும் காவலர்க்கு அதைச் சில வரிகளாக்கித் தர வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் துணை அரசு தலைமை வழக்கறிஞர் டோரிஸ் மேயரும், நெவாடா மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர் ஹெரால்டு பெர்லினரும் அதைச் செய்தார்கள். இன்று உலகமெங்கும் திரைப்படங்களில் கேட்கும் வாசகம் அவர்கள் செதுக்கியது. பெர்லினர் அச்சுத் தொழிலும் செய்தவர். பையில் வைக்கும் அட்டைகளாக அடித்துக் காவல் துறைகளுக்கு விற்றார். வழக்கறிஞர் தயாரித்த பாடங்களில் இந்த அட்டையளவு பரவியது வேறில்லை. எர்னெஸ்டோ மிராண்டாவே பிற்காலத்தில் அந்த அட்டைகளில் கையெழுத்திட்டு ஒன்றரை டாலருக்கு விற்றுவந்தார். 1976இல் ஃபீனிக்ஸ் மதுக்கூடத் தகராறில் அவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தபோதும் சட்டைப் பையில் சில அட்டைகள் இருந்தன.

இழப்பு பணமாக மாறியபோது

1978இல் ஒஹாயோவின் கேன்டன் நகரில் கைதான ஒரு பெண் காவல் நிலையத்தில் திரும்பத் திரும்பச் சரிந்து விழுந்தார். மறுபடி விழாமல் இருக்கட்டும் என்று தரையிலேயே கிடத்திவிட்டார்கள். மருத்துவரை அழைக்கவில்லை. விடுவித்த பிறகு குடும்பத்தார்தான் ஆம்புலன்ஸ் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவ உதவி தேவையா என்று முடிவு செய்யும் பொறுப்பு பணிநேர அதிகாரியிடம் இருந்தது; அதற்கான பயிற்சிதான் அவருக்குத் தரப்படவில்லை. 1989இல் உச்ச நீதிமன்றம், பயிற்சி தராதது தெரிந்தே காட்டிய அலட்சியமாக இருந்தால் நகராட்சியே இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆயுதம் தாங்கிய காவலர்க்கு எப்போது சுடலாம் என்று கற்பிக்க வேண்டியதன் அவசியத்தை, சொல்லாமலே விளங்குவதற்கு எடுத்துக்காட்டாகத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று காட்டியது.

வகுப்பறை மாறியது இங்கேதான். அதுவரை சாட்சியம் போய்விடும் என்று கற்பித்தவர், இனி நகராட்சிக் கருவூலம் போய்விடும் என்றும் கற்பிக்க வேண்டியிருந்தது. வருகைப் பதிவேடு, தேர்வுத்தாள், பாடத்திட்டம் எல்லாம் நாளைய வழக்கில் காட்டும் ஆவணங்களாயின. அதே ஆண்டு மே மாதம் கிரஹாம் வழக்கும் வந்தது. சர்க்கரை நோயாளி ஒருவர், ரத்தச் சர்க்கரை இறங்கியதால் ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் ஓடி, வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே வந்தார். சந்தேகப்பட்ட காவலர் வண்டியை மறித்தார். முடிவில் அந்த நோயாளிக்குக் கால் எலும்பு முறிவு, நெற்றியில் காயம், தோளில் அடி. பலப் பிரயோகத்தை, அந்த நொடியில் அங்கே நிற்கும் நியாயமான காவலரின் கண்ணால் அளக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஜார்ஜியா மாநிலம் கிளின்கோவில் உள்ள கூட்டாட்சிக் காவல் பயிற்சி மையத்தில், வழக்கறிஞர்களே நடத்தும் சட்டப் பிரிவில் இது இன்றும் அடிப்படைப் பாடம். அந்த ஆரஞ்சுச் சாறு மனிதரின் வலி, ஓர் அளவுகோலின் பெயராக மட்டும் மாணவர் குறிப்பேட்டில் மிஞ்சிவிடுகிறது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சுற்றுவழி கற்பித்தவர்கள்

இழப்பு குறைந்த இடங்களில் என்ன கற்பிக்கப்பட்டது? உரிமை சொல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கப் பயன்படுத்த முடியாது. ஆனால் எதிரி கூண்டேறி வேறு கதை சொன்னால் அவரை மறுக்கப் பயன்படுத்தலாம் என்று 1971இல் ஹாரிஸ் வழக்கில் தீர்ப்பானது. 1985இல் எல்ஸ்டாட் வழக்கு, முதலில் உரிமை சொல்ல விட்டுப்போனாலும் பிறகு முறையாகச் சொல்லி வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்றது. தவறுதலாக நேர்ந்ததை மன்னித்த தீர்ப்பு அது. அதையே திட்டமிட்ட முறையாக்கிப் பாடத்தில் சேர்த்தார்கள். கலிபோர்னியாவில், வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்ட பிறகும் கேள்வியைத் தொடருங்கள், பின்னால் உதவும் என்று பயிற்சி தரப்பட்டது. பட்ஸ் வழக்கில் 1999இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படிச் செய்த அதிகாரிகள் மீது தனிப்பட்ட முறையில் இழப்பீட்டு வழக்கு தொடரலாம் என்றது. மிசூரித் தாயின் வழக்கு 2004இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, இந்த முறையைப் பரப்பிய தேசியப் பயிற்சிக் கையேட்டையும் நீதிபதிகள் கவனித்தார்கள். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இரண்டாவது வாக்குமூலம் தள்ளுபடியானது.

நம் நாட்டு அனுபவம் இந்த வாதத்துக்கு மறுபக்கத்திலிருந்து வலு சேர்க்கிறது. மிராண்டாவை எடுத்துக்காட்டி நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் எழுதினார். டி.கே. பாசு வழக்கின் கைது விதிகள் காவல் நிலையச் சுவர்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் முறையற்ற சோதனையில் கிடைத்த பொருளும் சாட்சியமாகச் செல்லும் என்று 1973இல் பூரண்மல் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டால்ரீ மேப்பின் கதவு அமெரிக்காவில் உண்டாக்கிய வகுப்பறையை, நம் வீட்டுக் கதவுகள் இங்கே உண்டாக்கவில்லை.

அமெரிக்க நீதித் துறையின் புள்ளியியல் அமைப்பு 2013 நிலவரப்படி எடுத்த கணக்கில், புதிய காவலருக்கான அடிப்படைப் பயிற்சி சராசரியாக 840 மணி நேரம். துப்பாக்கிக்கு 71 மணி. குற்றவியல் சட்டமும் அரசியலமைப்புச் சட்டமும் சேர்ந்து 53 மணி. அந்த 53 மணிக்குள் என்ன சொல்வது என்பது 2022 ஜூனில் மறுபடியும் மாறியது. உரிமைகளைச் சொல்லாமல் வாக்குமூலம் வாங்கிய அதிகாரி மீது அதற்காக மட்டும் இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்று டெகோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்ஸ் தீர்ப்பு வந்ததிலிருந்து இருபத்து மூன்று ஆண்டுகளாக, ஒன்பதாம் வட்டத்துக்குட்பட்ட மேற்கு மாநிலங்கள் ஒன்பதில், வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டவரிடம் மேலும் கேள்வி கேட்டால் உன் சொந்தப் பணத்துக்கே ஆபத்து என்று காவலரை எச்சரிக்கப் பயிற்றுநர்களின் கையில் இருந்த அடிப்படை, அன்றோடு போய்விட்டது.