பாடத்தில் விடுபட்ட பக்கம்

அந்தமான் செல்லுலார் சிறையைப் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் சொன்னவன் நான். விடுதலை வீரர்கள் அங்குப் பட்ட துயரை விரித்துரைப்பேன். அரசியல் கைதிகள் 1938க்குள் தாயகம் திரும்பிய செய்தியோடு பாடத்தை முடித்துவிடுவேன். ஓய்வு பெற்றபின் அச்சிறையை நேரில் கண்டபோதுதான், நான் சொல்லாமல் விட்ட பகுதி என் நெஞ்சை உறுத்தியது. அதனை இன்று சொல்லிவிடுகிறேன்.

1896 முதல் 1906 வரை ஆங்கில அரசு எழுப்பிய கட்டடம் அது. நடுவே ஒரு கோபுரம். அதனின்று சக்கரத்தின் ஆரங்கள்போல் பிரிந்து செல்லும் ஏழு கிளைகள். ஒவ்வொரு கிளையின் முகப்பும் அடுத்த கிளையின் முதுகையே நோக்கியிருந்தது. ஒரு கைதி இன்னொருவன் முகத்தைக் காணலாகாது என்பதே அவ்வமைப்பின் நோக்கம்.

1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியப் படை தீவில் இறங்கியது. அந்நிய ஆட்சி ஒழிந்தது என மகிழ்ந்தவர் உண்டு. ஆனால் அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் தீவின் மக்கள் பிடிக்கப்பட்டனர். அதே சிறையில் அடைத்து வதைக்கப்பட்டனர்.

அவர்களுள் ஒருவர் டாக்டர் திவான் சிங். மருத்துவர், பஞ்சாபி மொழிக் கவிஞர், இந்திய சுதந்திர லீக்கின் உள்ளூர்த் தலைவர். 1943 டிசம்பர் 30ஆம் நாள் போர்ட் பிளேர் திடலில் நேதாஜி மூவண்ணக் கொடியை ஏற்றினார். அவ்வேளையில் திவான் சிங் அதே ஊரின் சிறைக்குள் சித்திரவதைப்பட்டுக் கிடந்தார். 1944 ஜனவரி 14 அன்று அவர் உயிர் பிரிந்தது. அம்மாதம் 30ஆம் நாள், ஹம்ஃப்ரிகஞ்ச் என்னுமிடத்தில் 44 இந்தியர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945 அக்டோபரில்தான் ஆங்கிலப் படை திரும்பி வந்து அத்தீவு ஜப்பானியரிடமிருந்து மீண்டது.

1979இல் அச்சிறை தேசிய நினைவுச் சின்னமாயிற்று. ஏழு கிளைகளுள் மூன்றே இன்று எஞ்சி நிற்கின்றன. 2024இல் ஊரின் பெயரும் ஸ்ரீ விஜயபுரம் என மாறிவிட்டது.

மாணவர்களே! சாவி கைமாறியது, பூட்டு மாறவில்லை. பகைவன் செய்த கொடுமையை மட்டும் படித்து, நண்பனென வந்தவன் செய்ததை மறைப்பது வரலாறு ஆகாது. என் மாணவர்க்கு நான் பட்ட கடனை இன்று உங்களிடம் செலுத்துகிறேன்.