ஃபார் க்ரை 2

ஃபார் க்ரை 2 என்பது கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள யூபிசாஃப்ட் கூடத்தில் உருவாகி, 2008 அக்டோபரில் வெளிவந்த வீடியோ கேம். நாயகனின் கண்வழியே உலகைப் பார்த்தபடி சுட்டுக்கொண்டே முன்னேறும் வகையைச் சேர்ந்தது. விண்டோஸ் கணினி, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கு வந்தது. படைப்பு இயக்குநர் கிளின்ட் ஹாக்கிங். இசை மார்க் கேனம். பெயரளவில்தான் இது 2004இல் வந்த ஃபார் க்ரையின் தொடர்ச்சி. களம், கதை, ஆட்ட விதிகள் எல்லாமே புதிது. இந்த வகையில் இத்தனை பாராட்டையும் இத்தனை வசவையும் ஒருசேர வாங்கிய ஆட்டம் அரிது. ஆடுபவரை ஒரு நிமிடமும் நிம்மதியாக விடக்கூடாது என்ற ஒரே முடிவிலிருந்துதான் இரண்டும் வந்தன.

வகையும் முன்னோடிகளும்

திறந்த உலகச் சுடும் ஆட்டம் என்பதற்கு இலக்கணம் எளிது. களம் ஒன்றே, பெரிது. எந்தத் திசையில் போவது, எந்த வேலையை முதலில் எடுப்பது என்பது ஆடுபவரின் விருப்பம். 2001இல் வந்த கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3 இந்த முறையைப் பரப்பியது என்று பொதுவாகச் சொல்வார்கள். வேர் அதற்கும் வெகு முந்தையது. 1985இல் பிரிட்டனின் நோவாஜென் வெளியிட்ட மெர்சினரி, வெறும் கோடுகளால் வரைந்த நகரத்தில் ஆடுபவரை இறக்கிவிட்டு, வழியை நீயே தேடிக்கொள் என்று விட்டுவிட்டது. 1989இல் மைக் சிங்கிள்டன் உருவாக்கிய மிட்விண்டரில் பனி மூடிய தீவு முழுவதும் திறந்து கிடந்தது. பனிச்சறுக்கில் போய் ஆள் சேர்த்து, எதிரியின் தளங்களைத் தகர்க்க வேண்டும். 1991இல் வந்த ஹண்டரில் ஜீப், படகு, ஹெலிகாப்டர் எனக் கண்ணில் பட்டதையெல்லாம் ஓட்ட முடிந்தது. செக் நாட்டின் போஹேமியா இண்டராக்டிவ் 2001இல் தந்த ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட், கீவ் நகரின் ஜிஎஸ்சி கேம் வேர்ல்டு 2007இல் தந்த ஸ்டாக்கர் ஆகியவையும் இந்தப் பரம்பரையில் வருபவை.

முதல் ஃபார் க்ரை இந்த வரிசையில் சேராது. ஜெர்மனியில் யெர்லி சகோதரர்கள் மூவர் தொடங்கிய க்ரைடெக் நிறுவனம், டைனோசர்கள் உலவும் ஒரு தீவை, ஆட்டத்தை இயக்கும் மென்பொருளான தன் எஞ்சினின் திறமையைக் காட்டுவதற்காகச் செய்துவைத்திருந்தது. அந்த மாதிரிதான் பிறகு ஆட்டமாக வளர்ந்தது. கடற்கரையும் காடும் விரிந்து கிடந்தாலும் கட்டம் கட்டமாகப் பிரித்த நேர்வழி ஆட்டமே அது. முன்னே செல்லும் பாதை அகலமாக இருந்தது, அவ்வளவுதான். பிற்பாதியில் டிரைஜென் என்னும் ஆய்வுக்கூட மிருகங்கள் வந்து அதுவரை இருந்த சுவையைக் கெடுத்தன. பின்னர் க்ரைடெக் வேறு வெளியீட்டாளரிடம் போய் 2007இல் க்ரைசிஸைத் தந்தது. 2006இல் ஃபார் க்ரை பெயரின் உரிமை முழுவதும் யூபிசாஃப்ட் கைக்கு வந்தது. பெயர் ஓரிடத்திலும் அதை உருவாக்கியவர்கள் வேறிடத்திலும் இருக்க நேர்ந்ததால்தான் இரண்டாம் பாகம் இத்தனை துணிச்சலாக வேறு வழியில் போக முடிந்தது.

உருவாக்கம்

ஹாக்கிங் அதற்குமுன் 2005இல் வந்த ஸ்ப்ளின்டர் செல்: கேயாஸ் தியரியின் படைப்பு இயக்குநர். 2007இல் பயோஷாக் ஆட்டத்தை விமர்சித்து அவர் எழுதிய கட்டுரை துறையில் பெரிதாகப் பேசப்பட்டது. கதை ஒன்று சொல்ல, ஆட்ட விதிகள் அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டுக்கு அவரே எழுதிய விடையாக ஃபார் க்ரை 2ஐப் பார்க்கலாம். ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலின் நிழல் கதை நெடுகிலும் விழுந்திருக்கிறது. நிலக்காட்சிகளுக்காகக் குழுவினர் கென்யா சென்று வந்தனர். இதற்கென அமைத்த எஞ்சினுக்கு துனியா என்று பெயர்.

களம் பெயர் சொல்லப்படாத ஓர் ஆப்பிரிக்க நாடு. லெபோவா-சாகோ, போவா-செகோ என இரு பகுதிகள். மொத்தம் சுமார் 50 சதுர கிலோமீட்டர். யூஎஃப்எல்எல், ஏபிஆர் என்ற இரு படைகள் உள்நாட்டுப் போரில் மோதுகின்றன. இரண்டுக்கும் ஆயுதம் விற்பவன் ஜாக்கல். அவனைக் கொல்ல வந்த கூலிப்படை ஆள் வந்த வேகத்தில் மலேரியாவில் விழுகிறான். கண் விழித்தால் கட்டிலருகே ஜாக்கலே நின்று நீட்சேயை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறான். இதைவிடக் கூர்மையான தொடக்கம் இந்த வகை ஆட்டங்களில் கிடைப்பது கடினம்.

ஆட்டமுறை

திரையின் மூலையில் சின்ன வரைபடம் கிடையாது. கையில் காகித வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும்; பார்க்கும் நேரத்தில் உலகம் நிற்பதில்லை. ஜீப் அடிபட்டால் இறங்கி, பானெட்டைத் திறந்து, ஸ்பானரால் முடுக்க வேண்டும். உயிர் குறைந்துவிட்டால் மருந்து ஏற்றுவது மட்டும் போதாது: குறட்டால் குண்டைப் பிடுங்குவதையும் பிசகிய விரலை நேராக்குவதையும் கண்ணெதிரே காட்டுகிறார்கள். செத்த எதிரியின் துப்பாக்கி துருப்பிடித்தது. நடுச்சண்டையில் அது ஜாம் ஆகும். பட்டனைப் பதறிப் பதறி அழுத்தினால்தான் விடும். ஆயுதக் கடையில் வைரம் கொடுத்து வாங்கியது புதிதாக இருக்கும், அதுவும் உழைத்து உழைத்துத் தேயும். பணம் என்று ஒன்று இல்லை, எல்லாம் பட்டை தீட்டாத வைரம். நிலமெங்கும் ஒளித்துவைத்த 221 பெட்டிகளை, நெருங்க நெருங்க வேகமாக மினுக்கும் சிறு பச்சை விளக்கைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும்.

இதன் பேர்போன சாதனை தீ. காய்ந்த புல்லில் ஒரு பெட்ரோல் குண்டு விழுந்தால் தழல் காற்றடிக்கும் திசையில் ஓடும், மரத்தில் ஏறும், கூரையைப் பிடிக்கும், தோட்டாப் பெட்டியைத் தொட்டால் அது வெடித்துச் சிதறும். சாவடியில் நால்வர் காவல் இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்குக் காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போய் வீசினால் பாதி வேலையைத் தீ பார்த்துக்கொள்ளும். கணக்குத் தப்பினால் அதே தீ வீசியவனைத் துரத்தும். திட்டத்தோடு போனவன் திட்டம் குலைந்து, கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் இந்த நிமிடங்களுக்காகவே ஆட்டத்தை வடிவமைத்திருக்கிறார்கள். 2009இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஹாக்கிங் ஆற்றிய உரையின் பொருளும் இதுவே. எறிகுண்டு சரிவில் உருண்டு கீழே வந்துவிடுவதும், துப்பாக்கி சிக்குவதும், மலேரியாக் காய்ச்சல் கண்ணை இருட்டிக்கொண்டு வருவதும் ஒரே நோக்கத்தின் பல கைகள்.

நண்பர்கள் என்று சிலர் உண்டு. நாயகன் குண்டடிபட்டுச் சாயும்போது ஒருவர் ஓடிவந்து இழுத்துக் காப்பாற்றுவார். அவரே அடிபட்டுக் கிடந்தால் மார்ஃபின் ஊசியைப் போடுவதா, தொடர்ந்து போட்டுத் துன்பத்தை முடித்துவிடுவதா, அப்படியே விட்டுப் போவதா என்ற முடிவு ஆடுபவருடையது. முதல் பகுதியின் இறுதியில் மதுக்கடையில் சிக்கிய நண்பர்களைக் காப்பதா, தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த மக்களைக் காப்பதா என்று கேட்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் வாயில் கசப்பு மிஞ்சும்படி எழுதியிருக்கிறார்கள்.

குறைகள்

முதன்மையானது சோதனைச்சாவடி. சாலைகள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு சாவடி. அங்கே இருப்பவர்களைக் கொன்று முடித்துச் சற்றுத் தூரம் போய்த் திரும்பி வந்தால் மீண்டும் ஆட்கள் முளைத்திருப்பார்கள். ஒரு வேலைக்குப் போகவர ஒரே சாவடியில் இருமுறை போரிட வேண்டும். ஓயாத போரைச் சுட்டும் உத்தி என்று இதற்கு நியாயம் சொன்னவர்கள் உண்டு. வடிவமைப்புக் கோளாறு என்பதே சரி. இரண்டாவது, எல்லோரும் பகை. வேலை கொடுத்த படையின் ஆட்களே பார்த்தவுடன் சுடுவார்கள். இரகசிய வேலையாதலால் அவர்களுக்கு உன்னைத் தெரியாது என்று கதை சமாளிக்கிறது. போர்நிறுத்தம் உள்ள பாலா போன்ற ஊர்களில் மட்டும் துப்பாக்கியைத் தாழ்த்தலாம். இரு படைகள் மோதும் நாட்டில் அவை ஒன்றோடொன்று மோதுவதை வழியில் காண முடியாது. சாதாரண மக்களும் அநேகமாக இல்லை. ஆப்பிரிக்க நாட்டைப் பற்றிய ஆட்டத்தில் ஆப்பிரிக்கக் குடும்பம் ஒன்றுகூட வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைக் குறை என்று சொல்வதும் குறைவே.

பாத்திரங்கள் மூச்சுவிடாமல் கடகடவென்று பேசுகிறார்கள். முக்கியச் செய்தி ஏதோ பேருந்தைப் பிடிக்கப் போகிறவர் சொன்னதுபோல் காதைக் கடந்துவிடும். பதுங்கிச் செல்லும் முறை பெயருக்குத்தான் இருக்கிறது. ஒருவன் கண்ணில் பட்டால் வெகுதூரத்திலுள்ளவனும் குறிபார்த்துச் சுடுகிறான். தொலைவை ஒரே தாவலில் கடக்க உதவும் பேருந்து நிலையங்கள் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் மட்டுமே. கணினியில் நினைத்த இடத்தில் சேமிக்கலாம். மற்றக் கருவிகளில் பதுங்கிடத்தைத் தேடிப் போக வேண்டும்.

பின்வந்தவை

2012இல் வந்த ஃபார் க்ரை 3இல் பிடித்த சாவடி பிடித்தவருக்கே சொந்தமானது. கோபுரம் ஏறினால் வரைபடம் திறந்தது. துப்பாக்கி ஜாம் ஆகவில்லை. அது மிக நன்றாக விற்றது, பின்வந்த பாகங்கள் அதன் வழியிலேயே சென்றன. தொல்லையோடு சேர்ந்து அச்சமும் போய்விட்டது. ஹாக்கிங் 2010இல் யூபிசாஃப்டை விட்டுப் போய், பின்னர் திரும்பி 2020இல் வாட்ச் டாக்ஸ்: லீஜனை இயக்கினார். ஃபார் க்ரை 2இன் கணினி வடிவம் இணையக் கடைகளில் கிடைக்கிறது. ஆட்டத்தை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்த மோட்களும் உண்டு.