தேடினால் கிடைக்க வேண்டும்: ஒரு மதகின் பெயரும் கொஞ்சம் வரலாறும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து பொறுமையாக வாசியுங்கள்.

நான்கு மாதம் முன்பு பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், நம்ம ஏரி மதகுப் பேரெல்லாம் நீங்க வெப்சைட்ல எழுதி வச்சிருந்தீங்களே, கூகுள்ல எப்படித் தேடியும் வரலையே?" என்றான். ஏரி தூர்வாரும் குழுவில் இருக்கிறான். மதகுகளுக்குப் பெயர்ப்பலகை வைக்க வேண்டுமாம். நானும் தேடினேன், வரவில்லை. நான் பழைய நோட்டைத் தேடி எடுப்பதற்குள் ஒரு மதகுக்குத் தப்பான பெயரை எழுதி நட்டுவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் இருபது பேரைக் கேட்டு எழுதிய பெயர் அது. அவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

முதலில் கூகுள் மேல்தான் கோபம் வந்தது. என் மகன் சிரித்தான். "அப்பா, 2007-ல போட்டதை அதுக்கப்புறம் ஒரு தடவையாவது தொட்டீங்களா?" என்றான். பதில் இல்லை. அதன் பிறகுதான் இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

1990-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்ற மாணவர் 'ஆர்ச்சி' என்ற தேடுகருவியை உருவாக்கினார். அது கோப்புகளின் பெயரை மட்டும்தான் தேடும். 1994-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் தொடங்கிய யாகூ, மனிதர்கள் கையால் தொகுத்த பட்டியல். நம் நூலக அட்டவணை மாதிரி. 1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தது. பக்கத்துக்குள் இருக்கும் சொற்களையே முழுதாகப் படித்துத் தேடித் தந்தது.

அந்தக் காலத்தில்தான் தில்லுமுல்லும் பெருகியது. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று இயந்திரம் எண்ணினால், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அதே சொல்லை நூறு முறை எழுதி ஒளித்து வைத்தார்கள்.

1996-ல் அதே ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் வேறு வழி யோசித்தார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவை எப்படிப்பட்டவை என்று பார்ப்பது. வகுப்பில் "எனக்குக் கணக்கு நல்லா வரும்" என்று ஒரு பையன் தானே சொன்னால் நாம் நம்ப மாட்டோம். "அவன்கிட்ட கேளுங்க சார்" என்று முதல் மார்க் வாங்குகிறவனே கைகாட்டினால் நம்புவோம். அதுதான் சூத்திரம். 1998-ல் அது கூகுள் நிறுவனம் ஆனது.

உடனே இணைப்புகளை விலைக்கு வாங்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு குறுக்குவழிக்கும் ஒரு விதி மாறியது. 2006-ல் பி.எம்.டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் நீக்கியது. இயந்திரத்துக்கு ஒரு பக்கம், வாசகருக்கு வேறு பக்கம் காட்டினார்களாம். அதைச் சரிசெய்த பிறகுதான் திரும்பச் சேர்த்தது. தலைப்பகுதியில் ஒளித்து எழுதும் 'கீவேர்ட்ஸ்' பட்டியலைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று 2009-ல் அறிவித்தது. 2011-ல் 'பாண்டா' என்ற மாற்றம் சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012-ல் 'பெங்குவின்' போலி இணைப்புகளைப் பிடித்தது. 2015 ஏப்ரலில் இருந்து, செல்போனில் தேடுகிறவர்களுக்கு அதில் சரியாகத் தெரியும் பக்கங்களுக்கே முன்னுரிமை.

நம் தமிழுக்கு இதில் தனிக்கதை உண்டு. ஆரம்ப காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், இயந்திரத்துக்கு வெறும் ஆங்கிலக் குறிகள். 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினிகளில் அது பரவ வழி பிறந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. என் தளமோ பழைய எழுத்துருவிலேயே கிடந்தது. அதாவது, கூகுளைப் பொறுத்தவரை நான் தமிழில் ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை!

மகனும் பேத்தியும் நானுமாக உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் யூனிகோடில் திரும்பத் தட்டச்சு செய்தோம். எல்லாப் பக்கத்துக்கும் 'முகப்பு' என்றே தலைப்பு இருந்தது. அதை மாற்றி, மதகின் பெயரும் ஊரின் பெயரும் வரும்படி தலைப்பு வைத்தோம். நோட்டுப் பக்கத்தின் படம் மட்டும் இருந்த இடங்களில் எழுத்தையும் சேர்த்தோம். சிலர் மதகு என்பார்கள், சிலர் மடை, சிலர் தூம்பு. மூன்று சொல்லும் இயல்பாக வரும்படி எழுதினோம். செத்துப்போன இணைப்புகளை எடுத்தோம். செல்போனில் படிக்கும்படி செய்தோம். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிந்தோம். எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் கோளாறு என்று அதுவே காட்டுகிறது. ஒரு பைசா செலவில்லை.

சில வாரம் கழித்து அந்த மதகின் பெயரைத் தேடினேன். எங்கள் பக்கம்தான் முதலில் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. பெயர் சொன்ன பெரியவர்கள் முகமெல்லாம் நினைவுக்கு வந்தது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது. இணையதளத்துக்கு இதைவிட நல்ல விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பள்ளி நூலகத்தில் வருடா வருடம் இருப்புச் சரிபார்ப்போமே, அதுபோல ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளத்தையும் பார்க்க வேண்டும்.

வரும் ஞாயிறு பலகையை மாற்றி எழுதுகிறார்கள். நானும் போகிறேன். நீங்களும் ஊர் வரலாற்றை எங்காவது எழுதி வைத்திருந்தால், இன்றைக்கே ஒருமுறை தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் கமெண்டில் சொல்லுங்கள், தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். பழைய பழக்கம், விட முடியவில்லை!