சும்மா கொழும்புக்குப் போறது

காகம் பறக்காத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை. எங்கட ஊர்ச் சனத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் புழங்குற பழமொழி இது. மற்ற ஊர்க்காரர் பகிடியாகச் சொன்னாலும் எங்கட பெரியாக்களுக்கு அது பெருமைதான். ஆனால் பழமொழி சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கு. காரைதீவான் எங்க போனாலும் ஒரு காரணத்தோடதான் போனான். கடை, உத்தியோகம், படிப்பு, ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட், கடைசியில் உயிர். ஊர் பார்க்க என்று தனியாக வெளிக்கிட்ட ஒருவரின் கதையை நாங்கள் எங்கட வீடுகளில் கேட்டதில்லை.

இப்ப எங்கட வயதுப் பெடி பெட்டையள் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கொழும்புக்கு ரயில் ஏறினம். "என்ன அலுவல்?" எண்டு வீட்டில் கேட்டால், "சும்மா" எண்டு பதில். கேட்கச் சின்னச் சொல்தான். ஆனால் அந்தச் "சும்மா" எங்கட கைக்கு வர நூறு வருசத்துக்கு மேல் எடுத்திருக்கு.

கடைக்குப் போனவர்கள்

காரைநகரில் நல்ல தண்ணி அரிது. வயல் மழையை நம்பினது. அதனால் வியாபாரத்துக்கு வெளியூர் போறது கனகாலமாக ஊரின் வழக்கம். 1905 ஓகஸ்ட்டில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர் ரயில் ஓடத் தொடங்கியது அந்தப் பயணத்தைச் சுலபமாக்கியது. பொன்னாலைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணம் போய் ரயில் பிடித்தால் அடுத்தது கொழும்பு.

போனவர்களில் கனபேர் மீசை முளைக்காத பெடியள். சொந்தக்காரர் ஒருவரின் கடையில் நிற்க வீட்டார் அனுப்பிவிடுவினம். புறக்கோட்டையிலும், தெற்கிலும் மலையகத்திலும் உள்ள சின்னப் பட்டினங்களிலும் எங்கட ஊரவரின் கடைகள் இருந்தன. வேலையும் சாப்பாடும் நித்திரையும் அந்தக் கடைக்குள்ளதான். சிங்களம் படித்ததும் அங்கதான். தனியாகப் போனார்கள், ஆனால் தனியாக இருக்கவில்லை. முதலாளி, ஊரவன், வீட்டுக்கு அனுப்ப வேண்டிய காசு, வருசத்தில் ஒருக்கால் திருவிழாவுக்கு வாற லீவு என்று எல்லாம் அவர்களைச் சுற்றியே நின்றன. கொழும்பில் முப்பது வருசம் இருந்தும் கடைக்கும் கோயிலுக்கும் இடையிலான வீதிகளை மட்டும் அறிந்தவர்கள் அந்தத் தலைமுறையில் சாதாரணம்.

கொழும்போடு இருந்த இந்த உறவு சாதாரணமானதல்ல. கிழக்கிலும் ஒரு காரைதீவு இருந்ததால் வந்த குழப்பத்தைத் தீர்க்க, 1920களில் எங்கட ஊரின் பெயரே காரைநகர் என்று மாறினது. வெளியூர்ப் போக்குவரத்து இல்லாத ஊருக்கு இந்தக் குழப்பம் ஒரு பிரச்சினையாகவே இருந்திராது.

காரணம் காட்டச் சொன்ன காலம்

1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே வருசம் ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினரைக் கும்பல் அடித்து விரட்டியது. பயணம் வேகமான அதே வருசத்தில்தான் போய்ச் சேரும் இடம் பயமானதாகவும் மாறத் தொடங்கியது. 1958இலும் 1983 ஜூலையிலும் கொழும்பில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. உயிர் தப்பினவர்கள் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். எங்கட ஊரில் கனவீடுகளில் கடைக் கதை 83ஓடு நின்றுவிடும். அதுக்குப் பிறகு தொடங்குறது லண்டன், பாரிஸ், ரொறன்ரோ கதை.

1990 ஜூனில் ரயில் நின்றது. 1991இல் ஊரே இடம்பெயர்ந்தது. அந்த வருசங்களில் குடாநாட்டை விட்டு வெளியே போக முதலில் புலிகளிடம் பாஸ் எடுக்கவேணும். பிறகு கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடக்கவேணும். அந்தக் கடலில் கடற்படையின் தாக்குதலில் செத்தவர்கள் பலர். பிறகு யாழ்ப்பாணம் ராணுவத்தின் கைக்கு வந்தது. பாஸ் கொடுக்கிற ஆள் மாறினார், பாஸ் மாறவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது. 2006 ஓகஸ்ட்டில் அது மூடினவுடன் பிளேனுக்கும் கப்பலுக்கும் "கிளியரன்ஸ்" வேண்டி வரிசையில் நிற்கவேண்டி வந்தது.

இரண்டு பக்கமும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: என்னத்துக்குப் போறாய்? "சும்மா" என்று சொல்லிப் பாஸ் எடுக்க ஏலாது.

எப்படியோ கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தாலும் கேள்வி முடியவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம், கொழும்பில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியது. கொழும்பில் தங்கியிருக்கத் தகுந்த காரணம் இல்லாதவர்களையே அனுப்பினதாக அரசாங்கம் சொன்னது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு வருத்தம் தெரிவித்தார்.

தென்னாபிரிக்காவில் கறுப்பினத்தவர் நகரத்துக்குள் நடமாடப் பாஸ் புத்தகம் காட்டவேண்டியிருந்தது. 1986இல்தான் அந்தச் சட்டம் போனது. எங்கட நாட்டில் அப்படி எழுதின ஒரு சட்டம் இருக்கவில்லை. லொட்ஜ் கதவைத் தட்டுற சத்தம் அந்த வேலையைச் செய்தது. உங்களில் கனபேர் அப்ப பாலர் வகுப்பில் இருந்திருப்பியள். வரலாறு அவ்வளவு கிட்டத்தில் இருக்கு.

தனியாகப் போனால்

2014 ஒக்ரோபரில் ரயில் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்தது. இரவு மெயிலில் ஏறினால் விடிய கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். தனியாகப் போறவருக்கு எங்கட சிபாரிசு நாலு இடம். நாலும் "சும்மா" போய்ப் பார்க்கக்கூடியவை.

முதலில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டினதை அவரின் மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். சிவன் கோயிலை ஈழத்துச் சிதம்பரம் என்று கொண்டாடுற எங்களுக்கு அந்தக் கல் மண்டபத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் ஊர் ஞாபகம் வரும். கொச்சிக்கடையிலேயே புனித அந்தோனியார் தேவாலயம் இருக்கு. 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்த இடம். அங்கயும் ஒருக்கால் போய் நில்லுங்கோ.

அடுத்தது காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த திடல். இஸ்ஸோ வடை சாப்பிடலாம், பட்டம் பார்க்கலாம். 1956இல் எங்கட ஆக்களை அடித்த அதே இடத்தில் 2022 மே 18ஆம் திகதி, போராட்டக்காரர் முள்ளிவாய்க்காலுக்கு விளக்கேற்றினார்கள். அதால் எல்லாம் மாறிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் தெரிந்துகொண்டு அந்தக் கடலைப் பார்க்கிறது வேறு மாதிரி.

மூன்றாவது, 1877இல் திறந்த தேசிய நூதனசாலை. அங்க காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப் பாருங்கோ. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல், 1409ஆம் ஆண்டு பொறித்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லுது. அறுநூறு வருசத்துக்கு முதல் இந்தத் தீவின் தெற்குக் கரைக்கு வந்த ஒருவர் தமிழில் எழுதவேணும் என்று நினைத்திருக்கிறார்.

கடைசியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை. 57ஆம் ஒழுங்கையில் 1942இல் தொடங்கின கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கு. அதன் நூலகத்தில் ஒரு பின்னேரத்தைச் செலவழிக்கலாம். திரும்பிக் கோட்டைக்கு வர கரையோர ரயில் எடுங்கோ. கதவடியில் கடல் வரும்.

இன்னும் கிடைக்காதவர்கள்

இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் ஒரே அளவில் வரவில்லை. பாஸ் போனாலும் எங்கட தோழியருக்கு "ஆரோட போறாய்?" என்ற கேள்வி போகவில்லை. ஒரு பெடியன் சொல்லுற "சும்மா"வை வீடு சிரித்துக்கொண்டு ஏற்கும். அதே சொல்லை ஒரு பிள்ளை சொன்னால் விசாரணை தொடங்கும். 2019க்குப் பிறகு சந்தேகப் பார்வை முஸ்லிம் சனத்தின்மேல் திரும்பினதையும் நாங்கள் கண்டோம். ஒரு காலம் எங்களைக் கேட்ட கேள்வியை இன்னொருவரிடம் கேட்கேக்க நாங்கள் பேசாமல் இருக்கக்கூடாது.

போக முதல் ஒரு வேலை செய்யுங்கோ. அப்பப்பாவிடமோ அம்மம்மாவிடமோ எங்கட கடை எந்தத் தெருவில் இருந்தது, என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கோ. கேட்கிறதுக்கு அவர்கள் இன்னும் கனகாலம் இருக்கமாட்டினம். கொழும்பில் இறங்கி அந்தத் தெருவைத் தேடிப் போங்கோ. இப்ப அங்க கைத்தொலைபேசிக் கடை இருக்கும், அல்லது வேறு ஆரோ இருப்பினம். வாசலில் நின்று ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கோ.