ஹெலியை ஓட்டினது ஆர்?

எண்பதுகளைப் பற்றி வீட்டில் பெரியாக்களிடம் கேட்டால் 'ஹெலி' என்ற சொல் கட்டாயம் வரும். ஹெலி சுத்தினது, மேலேயிருந்து சுட்டது, பங்கருக்குள்ள ஓடினது எண்டு கதை போகும். அந்த ஹெலியை ஓட்டினது ஆர் எண்டு நாங்கள் பெரிசாகக் கேட்கிறதில்லை. இலங்கை விமானப்படைதானே என்று விட்டுவிடுகிறோம். 1980களின் நடுப்பகுதியில் அது முழுப் பதில் இல்லை. சில ஹெலிகளின் விமானி ஆசனத்தில் இருந்தவர்கள் லண்டன் கம்பனி ஒன்றின் சம்பளக்காரர்கள்.

கம்பனியின் பெயர் கீனி மீனி சேர்விசஸ், சுருக்கமாக கே.எம்.எஸ். பிரித்தானியாவின் எஸ்.ஏ.எஸ் சிறப்புப் படையிலிருந்து விலகிய அதிகாரிகள் 1970களில் தொடங்கியது. இலங்கைக்கு வர முதல் ஓமான் சுல்தானின் படைக்குப் பயிற்சி கொடுத்தது. 1983 கறுப்பு யூலைக்குப் பிறகு ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு பிரித்தானியாவின் உதவியைத் தேடியது. தன் படையாட்களை நேரடியாக அனுப்ப லண்டன் விரும்பவில்லை. இந்தியாவுடனான உறவு கெட்டுவிடும் என்ற பயம் அதற்கு முக்கிய காரணம். 1984 இல் கே.எம்.எஸ் வந்து சேர்ந்தது. வந்தது அரசு இல்லை, கம்பனிதான் என்று சொல்லிக்கொள்ளலாம் தானே. முதலில் விசேட அதிரடிப்படையைப் பயிற்றுவித்தார்கள். பிறகு விமானப்படையின் ஹெலிகளிலும் ஏறினார்கள்.

ஏன் ஹெலி? துவக்குப் பிடிக்க ஒருவரைச் சில வாரங்களில் பழக்கலாம். ஹெலி ஓட்டுவதற்கு இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலை செய்ய வேணும். அந்தரத்தில் அசையாமல் நிறுத்தவே கனநாள் பழக வேணும். காசிருந்தால் பெல் 212 ஐ வாங்கலாம், விமானியை உருவாக்கக் காலம் எடுக்கும். அவசரமெண்டால் வாடகைக்குத்தான் பிடிக்க வேணும்.

இங்கேதான் 'பயிற்சி' என்ற சொல் வழுக்குகிறது. ஹெலியின் முன்பக்கத்தில் இரண்டு ஆசனங்கள்; ஒன்றில் ஆசிரியர், மற்றதில் மாணவர். பின்கதவில் இயந்திரத் துப்பாக்கியோடு ஒருவர். கீழே உண்மையான ஊர், உண்மையான சனம். இதை வகுப்பு என்பதா, சண்டை என்பதா?

இது ஊகம் இல்லை. கே.எம்.எஸ் விமானியாக இருந்த டிம் ஸ்மித், இலங்கையில் படை நடவடிக்கைகளில் பறந்ததைத் தானே நூலாக எழுதி 2002 இல் வெளியிட்டார். கம்பனியின் விமானிகள் ஆயுதம் பூட்டிய ஹெலிகளை ஓட்டியது பிரித்தானிய இராசதந்திரிகளுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதை அவர்களின் ஆவணங்களே காட்டுகின்றன. அந்த ஆவணங்களைத் தோண்டி எடுத்து பத்திரிகையாளர் பில் மில்லர் எழுதிய நூல் 2020 இல் வந்தது.

தனியார் கம்பனி பயிற்சி கொடுத்தாலே குற்றம் என்று இதற்கு அர்த்தமில்லை. இங்கிலாந்தின் ஷோபரி தளத்தில் 1997 முதல் பிரித்தானியப் படைகளின் ஹெலி விமானிகளே கம்பனிக்குச் சொந்தமான ஹெலிகளில், சிவில் ஆசிரியர்களிடமும் பழகினார்கள். ஆனால் அங்கே பள்ளிக்கூடம் ஓரிடம், போர்க்களம் வேறிடம். பயிற்சி முடித்த மாணவர்தான் படைப்பிரிவுக்குப் போவார், கம்பனி ஆசிரியர் கூடப் போவதில்லை. இலங்கையில் அந்த வேலியே இருக்கவில்லை.

வேலி இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லாமல் போகிறது. வெளிநாட்டுப் படைகளில் சேருவதைத் தடுக்க பிரித்தானியாவில் 1870 இல் போட்ட சட்டம் ஒன்று உண்டு. அது கூலிப்படைகளுக்கு உதவாத சட்டம் என்று அங்கோலா விவகாரத்துக்குப் பிறகு, 1976 இல், டிப்லொக் பிரபுவின் குழு சொன்னது. 1977 இல் வந்த ஜெனீவா மேலதிக நெறிமுறையின்படி, சண்டையில் நேரடியாகப் பங்கெடுத்தவரைத்தான் கூலிப்படையாள் என்று சொல்லலாம். 'ஆசிரியர்' என்ற பட்டத்தின் பெறுமதி இப்போது விளங்குதா? கேட்டால் பிரித்தானியா அது தனியார் கம்பனி என்னும். கம்பனி, நாங்கள் படிப்பிக்கத்தான் போனோம் என்னும்.

லண்டன் பொலிசின் போர்க்குற்றப் பிரிவு கே.எம்.எஸ் பற்றிய விசாரணையை 2020 இல்தான் தொடங்கியது. சம்பவங்கள் நடந்து 30 வருசத்துக்கு மேல். ஆவணங்கள் சொல்வது லண்டன் பக்கத்துக் கதை. கீழே நின்று மேலே பார்த்தவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. ஹெலிக் கதை சொல்லுகிற ஆள் வீட்டில் இருந்தால் எந்த வருசம், எந்த ஊர், உள்ளுக்க ஆரைக் கண்டது எண்டு கேட்டு எழுதி வையுங்கோ.