எக்ஸ்ரே படிக்கும் இயந்திரம்

தாராவியில் இருமல் என்று போனவர் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வார். "ரிப்போர்ட்டுக்கு நாளைக்கு வாங்க" என்றால் பலர் போவதில்லை. ஒரு நாள் கூலி போகுமே! நான் பார்த்து வளர்ந்த சங்கதி இது. இந்தக் காத்திருப்பைக் குறைக்க இயந்திரம் வந்திருக்கிறது. அதன் பூர்வீகம் சற்றுப் பழையது.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் முதலானோர் 'மைசின்' என்ற கணினி நிரலை உருவாக்கினார்கள். இரத்தத்தில் கலந்த கிருமி எது, எந்த மருந்து கொடுக்கலாம் என்று யோசனை சொல்லும். ஏன் என்று டாக்டர் கேட்டால், தான் பின்பற்றிய விதியை எடுத்துக் காட்டும். அந்த விதிகளைக் கொண்டே வில்லியம் கிளான்சி 1979இல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் 'கைடன்' நிரலைச் செய்தார். மைசின் நடைமுறைச் சிகிச்சைக்கு வரவேயில்லை என்பது வேறு கதை.

நம் மும்பையில் 2016இல் தொடங்கிய க்யூர்.ஏஐ நிறுவனத்தின் மென்பொருள், மார்பு எக்ஸ்ரேயில் காசநோய் என்று சந்தேகப்படும் இடத்தை உடனே குறித்துக் காட்டுகிறது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வந்த அன்றே சளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம். நோயை உறுதி செய்வது அந்தப் பரிசோதனைதான்.

ஆனால் வாத்தியார் என்ற முறையில் எனக்குப் பழைய மைசின்தான் ஒசத்தி. புதியது இடத்தைக் காட்டும், காரணம் சொல்லாது. ஆறிய தழும்பும் புது நோயின் நிழலும் ஒன்றுபோலத் தெரிகிற படங்கள் உண்டு. மருத்துவ மாணவர் முதலில் தானே படித்து எழுதிவிட்டு, அப்புறம் இயந்திரம் சொன்னதைப் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாத படங்களைப் பேராசிரியர் வகுப்புக்குக் கொண்டுவரட்டும்.